பிள்ளைகளோடு வீட்டில் விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து வரைதல், ஒட்டுவேலை, களிமண், தண்ணீர் விளையாட்டு என்று வகுப்பு நடத்துவது என் வேலை. புதிதாக வரும் அம்மா அப்பாக்களைக் கவனிக்கும்போதெல்லாம், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் செய்த தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வையுங்கள், தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை; அது எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்தான் சொல்லிச் சொல்லியும் தீராமல் இருக்கின்றன.

இருப்பதையெல்லாம் எடுத்து வைப்பது

வண்ணங்கள், பசை, மினுக்குத் தாள், முத்திரைகள், களிமண் என்று அலமாரியில் உள்ள அத்தனையும் மேசைக்கு வந்துவிடும். பிள்ளை ஒன்றைத் தொடும், அடுத்ததற்குத் தாவும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் சலித்துப்போகும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். குறைவாக இருந்தபோதுதான் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் விளையாடினார்கள், அதை வைத்து விதவிதமாகவும் செய்து பார்த்தார்கள்.

ஒரு தாளில் நீலத்தையும் மஞ்சளையும் மட்டும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பச்சை தோன்றியதும் தூரிகை அப்படியே நின்றுவிடும். பிறகு வேண்டுமென்றே அந்த இடத்துக்குத் திரும்பிப் போகும். பன்னிரண்டு வண்ணங்களைக் கொடுத்தால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிவிடும். அதில் பிள்ளை கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

பிள்ளையின் வேலைக்குள் நம் கை போவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று அட்டைப் பெட்டியில் வீடு செய்துகொண்டிருந்தது. கையில் ஒட்டுநாடா. ஒரு துண்டை எடுத்துக் கதவின் மேல் கோணலாக ஒட்டியது. பாதி நாடா சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. அதை விரலால் அழுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி அழுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை மெல்ல உரித்து, சுருக்கத்தை நீவி, நேராக ஒட்டிவிட்டார். குழந்தை அடுத்த துண்டை ஒட்டியது. அதையும் உரித்து ஒட்டினார். மூன்றாவது துண்டைக் குழந்தை ஒட்டவில்லை. நாடாச் சுருளை அவரிடம் நீட்டி, "நீயே ஒட்டு அப்பா" என்றது. அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். வீடு அழகாக வந்தது. குழந்தை சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டது.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. விடுமுறை நாளில் மகளோடு நேரம் செலவிட வந்தவர். அதனால்தான் இந்தத் தவறைச் சுட்டிக்காட்டுவது கடினம்: உதவி என்ற பெயரில் நடக்கிறது. ஆனால் "நீ செய்தது போதாது" என்று வாயால் சொல்லியிருந்தால்கூடப் பிள்ளை மறுத்துப் பேசியிருக்கும். உரித்து ஒட்டும் கையிடம் எப்படி மறுத்துப் பேசும்?

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பதிவு செய்துவைத்த ஒரு நிகழ்ச்சியை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். மிதக்கும் பொம்மைகள் போட்ட தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிநிற்கிறார்கள். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. முட்டித் தள்ளிப் பார்க்கிறான், முடியவில்லை. சுற்றும் முற்றும் பார்க்கிறான். ஒரு சிறிய நாற்காலி கண்ணில் படுகிறது. அதை இழுத்துப் போட்டு ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணம் முகத்தில் ஒளிவிட, அதை நோக்கி நடக்கிறான். அந்த நொடியில் ஆசிரியை ஓடிவந்து, "பாவம், நீயும் பார்" என்று அவனைத் தூக்கிக் காட்டிவிடுகிறார். அவன் பொம்மைகளைப் பார்த்தான். தானே வழி கண்டுபிடித்து வெல்லவிருந்த மகிழ்ச்சி அவன் முகத்திலிருந்து மறைந்துவிட்டது.

வரையும்போது இது இன்னும் மோசம். மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் மனிதனை வரைந்தால் பெரிய வட்டம், அதிலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள், சில சமயம் காதுப் பக்கத்திலிருந்து கைகள். இது பிழை இல்லை. உலகின் பல பகுதிகளிலும் அந்த வயதுப் பிள்ளைகளின் ஓவியத்தில் காணப்படும் ஒரு படிநிலை. "உடம்பு எங்கே?" என்று கேட்டு, பென்சிலை வாங்கி, கழுத்தும் வயிறும் போட்டுக் காட்டுகிறோம். அடுத்த நாள் பிள்ளை தாளோடு வந்து, "எனக்கு வராது, நீ வரை" என்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பெற்றோர் என்னிடம் வந்து, "இவனுக்கு வரைவதில் ஆர்வமே இல்லை" என்கிறார்கள். ஆர்வம் இருந்தது. நான் பார்த்தேன்.

அப்படியானால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இல்லை. வேலையைச் செய்வதை விட்டுவிட்டு, வேலை நடக்க இடம் செய்துகொடுங்கள். ஒட்டுநாடாவை முன்கூட்டியே சிறு துண்டுகளாக வெட்டி மேசை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். உரித்து ஒட்டுவது பிள்ளையின் பாடு. மூடி திறக்கவில்லை என்று கொண்டுவந்தால் பாதி தளர்த்தித் திருப்பிக் கொடுங்கள். வெட்டும்போது தாள் வழுக்கினால் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். கை பரபரத்தால் உங்களுக்கென்று தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் அழகான யானையை வரைந்து வைக்காதீர்கள்; அதைப் பார்த்த பிள்ளை தன் தாளைக் கீழே போட்டுவிடும். கோடுகள் இழுங்கள், வண்ணம் தேயுங்கள், அது போதும்.

"நீ வரை" என்று ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்ட பிள்ளையிடம், "பூனையில் முதலில் எதை வரையலாம்?" என்று கேளுங்கள். "வால்" என்று சொன்னால், "வால் எப்படிப் போகும், காற்றில் விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். விரல் போன வழியில் பென்சிலும் போகும். ஒரே நாளில் மாறாது. சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். சேதம் சேர்ந்த காலத்தைவிட மீள்வதற்கு அதிக காலம் பிடிக்கிறது என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

கிறுக்கலைப் பார்த்து "இது என்ன?" என்பது

இரண்டு வயதில் அது எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. கை போன தடம், அவ்வளவுதான். "இங்கே சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாயே" என்று கண்டதைச் சொல்லுங்கள்.

பரிசு காட்டி உட்காரவைப்பது

"வரைந்து முடித்தால் இது தருகிறேன்" என்பது முதல் நாள் வேலை செய்யும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் விருதுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னர் தாமாக விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆக, ஏற்கெனவே பிடித்த வேலைக்குக் கூலி பேசுவதுதான் பிடிப்பைக் கெடுக்கிறது.

ஒரு மணி நேரத் திட்டம்

வேண்டாம். ஐந்து நிமிடத்தில் எழுந்துபோனால் போகட்டும். பொருளை அங்கேயே விட்டுவையுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

நடுவில் புகைப்படம்

எடுக்காதீர்கள்.

நீர்மணிகள்

தண்ணீரில் போட்டால் ஊறிப் பெருக்கும் இந்தச் சின்னச் சின்ன வண்ண உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிறு மணியாக விழுங்கப்பட்டு, உள்ளே நீரை உறிஞ்சிப் பெருகிக் குடலை அடைத்துவிடலாம்.

"மாவுதானே" என்ற நம்பிக்கை

இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் நல்ல விளையாட்டு மாவு கிடைக்கும். வீட்டுப் பொருள் என்பதால் வாயில் போட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு உப்பு சிறு உடம்புக்கு ஆபத்து. வேகாத மாவில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் இந்த விளையாட்டைத் தள்ளிப்போடுங்கள். ஈரத்துணியைப் பிழிவது, டப்பாக்களை அடுக்குவது, பெரிய அட்டைப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருவது எல்லாம் அந்த வயதுக்கு அருமையான வேலைகள்.

தண்ணீர் விளையாட்டின் நடுவில் எழுந்துபோவது

ஆழமில்லாத தொட்டி என்பதால் தைரியமாக எழுந்துபோகிறார்கள். முகம் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும், 5 செ.மீ. ஆழத்திலேயே சின்னக் குழந்தை மூழ்கிவிடும், பெரும்பாலும் சத்தமே வராது. கதவு மணி அடித்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். துண்டு, மாற்றுத் துணி, கைபேசி எல்லாம் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் பிள்ளையைத் துடைத்துவிடும் முன்பே தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.