நாயின் முகம் வீங்கினால் முதலில் ஈறைப் பாருங்கள்

தடுப்பூசி போட்டு வீடு திரும்பிய அரை மணி நேரத்தில், அல்லது குளவியைக் கவ்வப் போன சற்று நேரத்தில், நாயின் உதடும் கண்ணிமையும் உப்பி முகமே மாறிப்போகும். பார்க்கப் பதறும். ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த வீக்கத்தில் இல்லை. கடுமையான ஒவ்வாமை நாய்களை அதிகம் தாக்குவது கல்லீரலிலும் குடலிலும்தான். அதனால் அடுத்தடுத்து வாந்தி, திடீர்க் கழிச்சல், கால் தள்ளாட்டம் ஆகியவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலே நாய் சுருண்டு விழுவதும் உண்டு.

மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு கறுத்த நாயானால் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நிறம் வெளிறியிருந்தாலும், மூச்சு இரைந்தாலும், நாக்கு வீங்கி எச்சில் ஒழுகினாலும் மாத்திரை தேடாமல் வண்டியை எடுங்கள். அந்த நிலையில் தேவைப்படுவது அட்ரினலின் ஊசியும் டிரிப்ஸும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், வாய்க்கட்டு போடாதீர்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஈறு நன்றாக இருந்து, தோலில் மட்டும் தடிப்பு என்றால் கொஞ்சம் நிதானிக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களில் காணாக்கடி போல வட்ட வட்டமாகக் கண்ணுக்கே தெரியும். பொமரேனியனில் தெரியாது, முடி ஆங்காங்கே கொத்தாக நிற்கும், உள்ளங்கையால் தடவினால் மேடு தட்டுப்படும்.

கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும். நகத்தாலோ ஏ.டி.எம். கார்டின் விளிம்பாலோ உடனே வழித்தெடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுவைப்பதில்லை, தேட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், நாய் அதை நக்கி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். கலமைனும் அப்படித்தான், அதிலுள்ள துத்தநாகம் வயிற்றுக்குள் போகக் கூடாது. கூட்டமாகக் கொட்டியிருந்தால் நாய் தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சிறுநீர் காப்பி நிறமாவது சிறுநீரகம் அடிபடுவதன் அறிகுறி.

ஒவ்வாமைக்கு நாம் போடும் செட்டிரிசின் நாய்க்கும் கொடுக்கப்படும் மருந்துதான். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை: 10 கிலோ நாய்க்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 5 கிலோவுக்குப் பாதி. நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சினை நாய்க்கும் சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கும் கேட்காமல் கூடவே கூடாது. தவறு நடப்பது மருந்துக்கடையில்தான். சளிக்குத் தரும் கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலோ, மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினோ கலந்திருக்கும். இரண்டுமே நாய்க்கு ஆபத்து. சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு விஷம். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாய்வழியாக எதுவும் தராதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமையில் முகத்தின் இரு பக்கமும் வீங்குவதே வழக்கம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் கத்தி, ரத்தம் கசிந்தால் கண்ணாடி விரியன் கடியாக இருக்கலாம். அதற்குச் செட்டிரிசின் எதுவும் செய்யாது.

வீக்கம் வடிந்த பிறகும் 24 மணி நேரம் கண்காணியுங்கள். மருந்தின் வேகம் குறைந்ததும் தடிப்பு திரும்ப வரலாம். தடுப்பூசியால் வந்ததென்றால் ஊசியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் தடுப்பூசி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு நாளில் ஒரே ஊசி, அதுவும் காலையில். போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால், முகம் வீங்கும் நேரத்தில் கிளினிக் பூட்டியிருக்கும்.