மட்டம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்: சேலத்தில் சிவில் டெக்னீஷியன் ஆக விரும்புவோருக்கு

கட்டுமான இடத்தில் பொறியாளர் வரைபடத்தைத் தருகிறார். மேஸ்திரி ஆட்களை வைத்து வேலையை நடத்துகிறார். இருவருக்கும் நடுவில் நின்று ‘இங்கே இவ்வளவு உயரம், அங்கே இவ்வளவு தூரம்’ என்று சொல்பவர் டெக்னீஷியன். அவர் சொல்லும் எண்ணை நம்பித்தான் கான்கிரீட் கொட்டப்படுகிறது. எனவே எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அளக்கப் பழகுவதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வாசல் வழியாக நுழைவது?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு சிவில் டிப்ளமோ சேரலாம். சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் போன்ற கல்லூரிகள் உண்டு. பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்தவர்கள், உரிய தகுதி இருந்தால், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. ஐடிஐயில் சர்வேயர், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவுகளும் நல்ல தொடக்கமே. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சர்வே கருவிகள் எத்தனை இருக்கின்றன, மாணவர்கள் அவற்றைத் தொட்டுப் பழகுகிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள்.

படி 2: வகுப்பு தொடங்கும் முன்பே டியூப் லெவல்

கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மட்டம் தவறும். குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டுச் சுவரின் ஒரு மூலையில் கோடு போட்டு, ஒரு முனைத் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்தி, மறுமுனை காட்டும் மட்டத்தை மற்ற மூன்று மூலைகளிலும் குறியுங்கள். சுற்றி வந்து முதல் கோட்டிலேயே முடிகிறதா என்று பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சரிபார்க்கும் இந்தப் பழக்கம்தான் சர்வேயின் உயிர்.

படி 3: ஆட்டோ லெவல்

முக்காலியில் நிறுத்தி, தொலைநோக்கி வழியே பார்த்து இடங்களின் உயர வேறுபாட்டை அளக்கும் கருவி இது. இதற்கு நேரம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி அத்தகைய வளைவுக்குள் சரிவு 40 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது. 200 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவுக்குக் குறையவும் கூடாது. தாண்டினால் வண்டி திணறும். குறைந்தால் மழைநீர் வடியாமல் தேங்கும். இந்த நுட்பத்தை நிலத்தில் உறுதிசெய்வது லெவல் எடுப்பவரின் கைதான்.

சரிவான நிலத்தில் முக்காலியின் இரண்டு கால்களைத் தாழ்ந்த பக்கமும் ஒன்றை உயர்ந்த பக்கமும் ஊன்றுங்கள். அடித்திருகுகளைத் திருப்பி வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கண் பக்கத்து லென்ஸைத் திருப்பிக் கருவிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியைத் தெளிவாக்கி, அதன்பின் ஸ்டாஃபை (அளக்க வேண்டிய இடத்தில் நிறுத்தும், எண்கள் குறித்த நீள அளவுகோலை) தெளிவாக்குங்கள். ஸ்டாஃப் பிடிப்பவரை அதை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். தெரியும் எண்களில் மிகக் குறைந்ததுதான் சரியான அளவு.

இனி கணக்கு. உயரம் 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்ட பெஞ்ச் மார்க்கில், அதாவது உயரம் தெரிந்த தொடக்கப் புள்ளியில், ஸ்டாஃபை நிறுத்திப் படித்த முதல் பார்வை 2.845. கருவியின் பார்வைக் கோட்டு உயரம் 102.845. மேட்டுப் பக்கம் வைத்த ஸ்டாஃபில் 0.615 என்றால் அந்த இடத்தின் உயரம் 102.230. கருவியை மேலே நகர்த்தி அதே இடத்தைத் திரும்பிப் பார்க்கையில் 3.120, அடுத்து முன்னே 0.480. புதிய உயரம் 104.870. சரிபார்ப்போம்: பின் பார்வைகளின் (உயரம் தெரிந்த இடத்தில் படித்த 2.845, 3.120) கூட்டல் 5.965, முன் பார்வைகளின் (உயரம் காண வேண்டிய இடத்தில் படித்த 0.615, 0.480) கூட்டல் 1.095, வித்தியாசம் 4.870. ஏறிய உயரமும் அதுவே. இது ஒத்துவராமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஆனால் இது கூட்டல் கழித்தலை மட்டுமே சரிபார்க்கும். ஸ்டாஃபைத் தவறாகப் படித்திருந்தால், பெஞ்ச் மார்க்குக்கே திரும்ப லெவல் எடுத்து வந்தால்தான் தெரியும்.

மலைச் சரிவில் இன்னொன்று. கருவி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிறது என்றால், 25 மீட்டரிலேயே பார்வைக் கோடு தரையில் முட்டிவிடும். ஆகவே மேலே 20 மீட்டர், கீழே 20 மீட்டர் என்று சம தூரத்தில் ஸ்டாஃபை வையுங்கள். தூரம் சமமாக இருந்தால் கருவியின் பார்வைக் கோடு சற்றே சாய்ந்திருந்தாலும் அந்தப் பிழை தானாகவே நீங்கிவிடும். நகர்த்திக்கொண்டே போவது சலிப்பாக இருக்கலாம், ஆனால் குறுக்கு வழி இல்லை.

இந்த அளவுகளைக் குறிக்கும் லெவல் புத்தகத்தில் ரப்பர் கூடாது. தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதுங்கள். அழித்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 4: கான்கிரீட் கட்டி

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க, 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் அதை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 முறை கம்பியால் குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, 7 மற்றும் 28-ஆம் நாட்களில் அழுத்திப் பார்ப்பார்கள். சேலத்து வெயிலில் கட்டியைக் காயவிட்டால் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது. வார்த்த நாளையும், எந்தத் தூண் அல்லது தளத்தின் கலவை என்பதையும் கட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: படிப்புக்குப் பின்

கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளைப் பழகுங்கள், அது மாலை நேரத்தில் கற்கக்கூடியதே. டிப்ளமோ முடித்ததும் தேசியத் தொழிற்பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவு செய்து, உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சிக்கு முயலுங்கள். அரசு வேலை விரும்பினால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் தொழில்நுட்பப் பணித் தேர்வுகளைக் கவனியுங்கள். மேலே படிக்க ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியே இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் சான்றிதழோடு, நீங்களே எடுத்த லெவல் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.