கோடைப் பூங்கா மேடையில் வேலை: வேலூர்ப் பக்கத்துக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தை எதிர்பார்த்துப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஆட்டக்காரர்களையும் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களையும் பொம்மை வேடம் போடுபவர்களையும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்கின்றன. வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கங்களில் கூத்தோ கரகாட்டமோ சிலம்பமோ பழகிய இளைஞர்களுக்கு இது ஏற்ற வேலை. ஆனால் விடிய விடிய ஒரே கதையை ஆடிப் பழகிய உடம்புக்கு இது வேறொரு பயிற்சி. கால் மணி நேர ஆட்டத்தைப் பகல் வெயிலில் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். கடைசிக் காட்சிக்கு வரும் குழந்தைக்கு அதுதான் முதல் காட்சி என்பதால், அப்போதும் ஆட்டம் சோர்ந்துவிடக் கூடாது.

பங்குனி பிறக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. முழு உருவமும் தெரியும்படி, சொந்தக் குரலோடு எடுத்த ஒரு நிமிடக் காணொளி போதும். கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டியவர்கள் அதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, கதையை விளக்கி, கலையப் பார்க்கும் கூட்டத்தைப் பேச்சாலேயே பிடித்து நிறுத்தும் அந்தத் திறமை மைக் பிடிப்பவருக்கு மிகவும் வேண்டியது.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் பேச வேண்டியவை பல. ஆட்களைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாகவே எடுப்பதால், உங்களுக்குச் சம்பளம் தருபவர் பூங்காவா, ஒப்பந்தக்காரரா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் அதைத் தர வேண்டிய பொறுப்பு சட்டப்படி முதன்மை நிறுவனமான பூங்காவுக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும். சம்பளம் நாள் கணக்கிலா காட்சிக் கணக்கிலா, மழையால் காட்சி நின்றால் பணம் உண்டா, வேட உடையைத் துவைப்பது யார், தங்குமிடமும் சாப்பாடும் சம்பளத்தில் கழிக்கப்படுமா என்பவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் பதிவு உண்டா என்றும் கேளுங்கள். வைகாசி முதல் நாள் நடக்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வர விரும்புபவர்கள் அந்த விடுப்பையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும். கூட்டம் மிகுந்த மே மாத நடுவில் திடீரென்று கேட்டால் கிடைக்காது.

செம்பரம்பாக்கம் குயின்ஸ்லேண்ட் பூங்கா சென்னைக்கு நம் பேருந்து செல்லும் வழியிலேயே இருந்தாலும் தினமும் போய்வர நினைக்காதீர்கள்; தூக்கம் கெட்டால் ஆட்டம் கெடும்.

பொம்மை வேடம்தான் உடம்பை மிகவும் வருத்துவது. அக்னி நட்சத்திர நாட்களில் பஞ்சும் நுரையும் அடைத்த உடைக்குள் இருக்கும் சூட்டை வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக உள்ளே இருக்க வேண்டாம். பார்வை மறைந்திருப்பதால் கைபிடித்து நடத்த ஓர் உதவியாளர் கட்டாயம் தேவை. உள்ளிருந்து பேச முடியாத நேரத்துக்கு, ‘வெளியே கூட்டிப் போ’ என்பதற்கான ஒரு கைச்சைகையை அவரோடு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ தொடங்கினால் காட்சி பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே நிழலுக்கு வந்து பொம்மைத் தலையைக் கழற்றிவிட வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழும் இடையிடையே உப்பிட்ட மோரும் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய நல்ல துணை.

சென்னை வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைப் பார்த்தவர்களுக்கு, அசையாமல் நிற்பதும் எவ்வளவு பெரிய உழைப்பு என்று தெரியும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு செய்த திருத்தம், பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. பொதுமக்கள் பொழுதுபோக்கும் இடங்களும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. எனவே காட்சிகளுக்கு இடையே இருக்கை கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

குழந்தைகளோடு படம் எடுக்கும்போது உங்கள் இரு கைகளும் பெற்றோர் பார்வையில் இருக்கட்டும். குழந்தையைத் தூக்க வேண்டாம், அழுகிற குழந்தையை நெருங்கவும் வேண்டாம். செயற்கை மழை மேடையில் வழுக்காத செருப்பு இல்லாமல் ஏறக் கூடாது. ஒயர் உள்ள மைக்கை அங்கே தொடவே கூடாது.

நாள்தோறும் ஆடிய காட்சிகளை ஒரு நோட்டில் குறித்து, வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி திறக்கும் முன், கடைசி நாளிலேயே கணக்கு முடித்து, பணிச் சான்றும் மேடையில் எடுத்த காணொளியும் பெற்றுக்கொண்டு கிளம்புங்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் காட்ட வேண்டியவை அவைதான்.