கும்பகருணனைப் படிக்க ஒரு பென்சில் போதும்

சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கம்பராமாயணத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அரக்கன் என்றாலே "கெட்டவன், பெரிய உடம்பு, கடைசியில் சாவான்" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பரீட்சைக்கு நான் வாங்கிய நோட்ஸில் இராவணனின் தம்பி கும்பகருணனுக்குக் கிடைத்தது ஒரே வரி: தூக்கப் பிரியன். அதனாலேயே யுத்த காண்டத்தின் கும்பகருணன் வதைப் படலத்தில்தான் தொடங்குவேன்.

முதலில் உரையைத் திறக்காதீர்கள். அவனை எழுப்பும் பாட்டைச் சத்தமாகப் படியுங்கள்.

உறங்குகின்ற கும்பகன்ன உங்கள் மாய வாழ்வெலாம்
இறங்குகின்ற தின்றுகாண் எழுந்திராய் எழுந்திராய்
கறங்குபோல விற்பிடித்த காலதூதர் கையிலே
உறங்குவாய் உறங்குவாய் இனிக்கிடந் துறங்குவாய்

கதவை இடிக்கிற தாளம் தானாக வந்துவிடும். இப்போது பென்சிலை எடுங்கள். 'எழுந்திராய்' இரண்டு தடவை. பின்னாலேயே 'உறங்குவாய்' மூன்று தடவை. எழுப்ப வந்தவர்களே எமதூதர் கையில் போய்த் தூங்கு என்கிறார்கள். கண் திறக்கும் முன்பே அவன் சாவு சொல்லப்பட்டாயிற்று.

அடுத்தது சாப்பாடு. 600 வண்டிச் சோறு, நூறு நூறு குடம் கள். அதற்கே பசி அப்போதுதான் கிளம்புகிறதாம்! ஓரத்தில் 'உயர்வு நவிற்சி' (மிகைப்படுத்திச் சொல்வது) என்று எழுதிவிட்டு நகருங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். இதுவரை அவன் வெறும் உடம்பு.

சரி, இனி அவன் பேச்சு. இராவணன் தனக்குப் போர்க்கோலம் பூட்டிய பிறகுதான் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறான். விஷயம் தெரிந்ததும்: "ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச் சானகி துயர்இனம் தவிர்ந்த தில்லையோ?" இந்த இடத்தில் பேசுகிறவன் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, யார் சொல்வது என்று கேட்பேன். பெரும்பாலும் "வீடணன்" என்றுதான் பதில் வரும். கையை எடுத்ததும் திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது.

இராமனிடம் போய்ச் சேர்ந்துவிட்ட தம்பி அந்த வீடணனே வந்து இராமன் பக்கம் கூப்பிடும்போது இவன் சொல்லும் பதிலில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடா தங்குப் போகேன்

நிலையில்லாத வாழ்வை விரும்பி, என்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். மீதி இரண்டு வரியையும் சேர்த்துப் பாட்டு முழுக்கக் 'கோலம்' வருமிடங்களைச் சுழியுங்கள். நீர்க்கோலம், போர்க்கோலம், தம்பிக்குத் தார்க்கோல (மாலை அணிந்த) மேனி, இராமனுக்குக் கார்க்கோல (மேக நிற) மேனி. நான்கில் இவனுக்கு வந்தது தண்ணீரில் போட்ட கோலமும், காரணம் கேட்கும் முன்பே பூட்டிய போர்க்கோலமும். எதுகைக்காக வந்த சொல் என்று உரைகாரர் தாண்டிப் போகலாம். நீங்கள் தாண்ட வேண்டாம்.

கடைசியாக, இராமனிடம் அவன் கேட்கும் வரம். சுக்கிரீவன் மூக்கைக் கடித்துக் கொண்டுபோய்விட்டான். மூக்கில்லாத முகம் என்று யாரும் பார்த்துவிடாதபடி என் தலையை வெட்டிக் கடலில் போட்டுவிடு என்கிறான். "நோக்குவார் நோக்காமை" என்ற இரண்டு சொற்களுக்கும் கீழே கோடு போடுங்கள். இவ்வளவு நேரம் நாமும் அந்த உடம்பைத்தானே வேடிக்கை பார்த்தோம்?

அப்புறம் முதல் பாட்டுக்குத் திரும்பி மறுபடி சத்தமாகப் படியுங்கள். என் திண்ணையில் இரண்டாவது தடவை 'உறங்குவாய்' வரும்போது யாரும் வேகமாகப் படிப்பதில்லை.