மாத்திரை அட்டையின் பின்பக்கம்: இங்கிலாந்துக்குப் புறப்படும் சர்க்கரைக்காரர்களுக்கு

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நான் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில், என் தலையைக் கண்டதுமே அண்ணாச்சி அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். பதினோரு ஆண்டுகளில் மாத்திரையின் பெயரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருக்கவும் இல்லை. இங்கிலாந்துக்குப் போன முதல் ஆண்டில் என்னைப் படுத்திய பாடு அத்தனைக்கும் அந்தச் சுகமான பழக்கமே காரணம். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் என்னிடம், அடுத்த மாதம் அங்கே புறப்படவிருக்கும் அத்தான் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அலுவல் முறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு அமைந்த வாரமே அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் ஜி.எம்.எஸ்.1 படிவம் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருந்தாலும், சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் தனியே பணம் உண்டு. 2024 மே மாதம் அது 9.90 பவுண்டு ஆனது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எஃப்.பி.92ஏ படிவத்தைக் கிளினிக்கில் கையெழுத்து வாங்கி அனுப்பினால், 5 ஆண்டுகளுக்கு அந்தச் செலவு இல்லை. அந்தக் கட்டண விலக்குச் சான்று வருமுன், சீட்டிலுள்ள இலவசக் கட்டத்தில் குறியிட்டுவிடாதீர்கள். 100 பவுண்டு வரை அபராதம் விதிப்பார்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். பதியும்போது, எடுக்கும் மருந்து என்ன என்ற கேள்விக்கு 'மெட்ஃபார்மின்' என்று எழுதினேன். ஊர் டாக்டர் வாயில் அடிக்கடி வந்த பெயர் அது ஒன்றுதான். பெட்டியில் ஆறு மாத மாத்திரை இருந்ததால் அங்கே மருந்து கேட்கும் தேவையே எழவில்லை. விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்தபோது கேட்டதற்கு, மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அது எழுதப்படுவதில்லை என்றார்கள். இன்சுலின் போடுபவர், சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோடு வண்டி ஓட்டுபவர், கர்ப்பிணி போன்றோருக்குத்தான் அங்கே வழக்கமாகக் கொடுப்பார்கள். கைக்காசில் கருவியும் ஸ்ட்ரிப்பும் வாங்கிக்கொண்டு, கஞ்சப் பயல்கள் என்று மனத்துக்குள் வைதேன்.

ஒரு நாள் காலை, சாப்பிடாமல் கிளம்பிய எனக்குக் கார் நிறுத்துமிடத்திலேயே கை நடுங்கிச் சட்டை நனைய வேர்த்தது. கருவி 3.4 என்று காட்டியது. அதை 18-ஆல் பெருக்கினால்தான் நம் ஊர் அளவு என்பது தெரிந்திருந்தும், அந்த நேரத்தில் பெருக்க மூளை ஓடவில்லை. ஊரில் 61 என்று கண்டிருந்தால் சீனியை அள்ளி வாயில் போட்டிருப்பேன். அங்கே வெறும் எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் கொடுத்த ஆரஞ்சுச் சாறுதான் காப்பாற்றியது. 4-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கிளினிக்கின் மருந்தாளுநர் என் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பி, கிழிந்த பின்பக்கத் தாளை விரலால் நீவி, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். மெட்ஃபார்மினுக்கு மேலே, பொடி எழுத்தில், கிளிமிபிரைடு 2 மி.கி. இருந்தது. சர்க்கரையை இறக்கிவிடும் மருந்து அதுதான். ஒரே மாத்திரைக்குள் அதுவும் இருந்ததை நானும் அறியேன், என் பதிவேடும் அறியாது. திருத்தி எழுதிய அன்றே ஸ்ட்ரிப்பும் சீட்டில் ஏறியது. நான் வைத வசவுகளை மெல்ல விழுங்கிக்கொண்டேன்.

ஆகவே மருந்தின் வணிகப் பெயரை நம்பாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தையும் அளவோடு ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் சேர்க்கச் சொல்லுங்கள், நம்முடைய 6.5 சதவீதம் அங்கே 48 என்று எழுதப்படும். இன்சுலின்காரர்கள் மில்லிக்கு 40 யூனிட் என்று கணக்கிட்ட நம் ஊர் சிரிஞ்சை இங்கேயே விட்டுவிடுங்கள்; மில்லிக்கு 100 யூனிட் உள்ள அங்குள்ள மருந்தை அதில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

நேற்று மாலை அத்தானின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது வோக்லிபோஸ், அந்த மருந்து இங்கிலாந்தில் கிடையாது. அதற்குப் பதில் என்ன என்று எழுதி வாங்கிவர, காப்பியைக்கூட முடிக்கவிடாமல் அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.