வெளியூரில் இருந்தபடி ஊர் வீட்டை வாடகைக்கு விடுவது: சாவி கொடுப்பது முதல் காலி செய்வது வரை

வேலை துபாயிலோ பெங்களூரிலோ, வீடு தாம்பரத்திலோ திருச்சியிலோ. வாடகை நின்றுபோனால் நேரில் போய்க் கதவைத் தட்ட முடியாது. உள்ளூர் வீட்டுக்காரர் வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வதை எல்லாம் வெளியூர்க்காரர் எழுத்தில் முடித்தாக வேண்டும். கீழே சொல்வது தமிழ்நாட்டின் நகர்ப்பகுதி வீடுகளுக்கு. இங்கே 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். கிராமப் பகுதிகளுக்கு அது பொருந்தாது.

படி 1: ஊரில் ஒரு ஆளை வையுங்கள், சம்பளம் கொடுத்து

வழக்கமாக மச்சானோ சித்தப்பாவோ ‘நான் பார்த்துக்கிறேன்’ என்பார். முதல் வருடம் நன்றாகப் போகும். பிறகு அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லவே கூச்சமாக இருக்கும். சொந்தக்காரராகவே இருந்தாலும் மாதம் இவ்வளவு என்று பேசி, வேலையையும் எழுதிக் கொடுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்ப்பது, ரிப்பேருக்கு ஆள் அனுப்புவது, காலி செய்யும்போது சாவி வாங்குவது. பணம் மட்டும் அவர் கை வழியாகப் போக வேண்டாம். வாடகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

அவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பவர் பத்திரம் தேவை. அதில் வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், வழக்கு ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். மாதிரிப் பத்திரத்தை அப்படியே நகலெடுத்தால் விற்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விடும். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

படி 2: ஒப்பந்தம், பதிவு

‘11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம்’ என்று புரோக்கர் இன்னும் சொல்வார். அது பழைய கணக்கு. இப்போது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் தருவார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. பின்னால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போகக் கூடாதவை: வாடகை எந்தத் தேதிக்குள் வர வேண்டும், தாமதத்துக்கு வட்டி எவ்வளவு, யார் யார் குடியிருப்பார்கள், உள்வாடகை கூடாது, கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் இருமடங்கு வாடகை, ‘வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக அனுப்பும் அறிவிப்பும் செல்லும்’ என்ற ஒரு வரி. உங்கள் ஆளின் பெயரும் கைபேசி எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது சட்டம் சொல்லும் அளவு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மாறலாம். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் நல்ல குடித்தனக்காரர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பேசாமல் விட்டுப் பிறகு சண்டையில் முடிவது வரிப்பிடித்தம். வீட்டுக்காரர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாடகைதாரரின் பொறுப்பு. அதற்கு அவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கு வருமான வரித் துறை தரும் TAN எண்) வாங்கி, காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். சாவி கொடுத்த பிறகு இதைச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். முன்பே சொல்லுங்கள், ஆடிட்டர் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். வருமானம் குறைவு என்றால் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் விண்ணப்பிக்கலாம்.

படி 3: சாவி கொடுக்கும் நாள்

வாசலில் தொடங்கி ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையிலும் சுவர், தரை, ஜன்னல் கொக்கி; மின்விசிறியைப் போட்டு ஓடுவது தெரிய வேண்டும்; குழாயைத் திறந்து தண்ணீர் வருவது தெரிய வேண்டும். கீசர், சிங்க் அடிப்பக்கம், சம்ப் மூடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மின் மீட்டரில் வந்து முடியட்டும், எண் தெளிவாகத் தெரியும்படி. அன்றைக்கே குடிவருபவருக்கு அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். காலி செய்யும்போது ‘இந்த விரிசல் முன்பே இருந்தது’ என்ற பேச்சு எழுந்தால் இந்தப் பத்து நிமிட வீடியோ பதில் சொல்லும்.

மின் இணைப்பில் உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது தொகை உங்களுக்கும் குறுஞ்செய்தியாக வரும். பில் கட்டாமல் விடுவதுதான் பல நேரம் முதல் அறிகுறி. வாடகை அதற்குப் பிறகுதான் நிற்கும்.

படி 4: ரிப்பேரை இழுக்காதீர்கள்

வாடகையை நிறுத்துகிறவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ரிப்பேர்தான், அதில் பாதி நேரம் நியாயமும் இருக்கும். ‘மோட்டார் ஓடல’ என்றால் உடனே புது மோட்டார் விலை விசாரிக்க வேண்டாம், சத்தத்தோடு வீடியோ கேளுங்கள். உறுமல் மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். சில நூறு ரூபாய் வேலை. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்டார்ட்டர். ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் சம்பில் தண்ணீர் இருக்கிறதா, புட்வால்வு (தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) அடைத்திருக்கிறதா, காற்று பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1,000 ரூபாய் வரைக்கும் குடியிருப்பவரே சரிசெய்து, பில் அனுப்பி, வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதி தொலைபேசி அழைப்புகள் குறையும். வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பும்போது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

படி 5: வாடகை வரவில்லை

கெடு தேதிக்கு மூன்றாம் நாள் ஒரு செய்தி போதும்:

“வணக்கம் சார். ஜூன் மாத வாடகை ரூ. 15,000 இன்றுவரை கணக்கில் வரவில்லை. ஏதாவது சிரமம் இருந்தால் எந்தத் தேதிக்கு முடியும் என்று இதிலேயே எழுதுங்கள்.”

‘20-ஆம் தேதி தர்றேன் சார்’ என்று அவர் எழுதினால், பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் அதன் சாரத்தை ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். பாதிப் பணம் வந்தால் ‘ரூ. 7,000 வந்தது, பாக்கி ரூ. 8,000’ என்று பதில் போடுங்கள்.

அடுத்து வருவது ‘அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க’. கணக்கைப் பாருங்கள். அட்வான்ஸ் 45,000. இரண்டு மாத வாடகை 30,000, மின்கட்டணப் பாக்கி 4,000, பெயின்ட் வேலை 12,000 என்று வைத்தால் 46,000. மூன்றாம் மாதம் வரை காத்திருந்தால் அந்த மாத வாடகையும் உங்கள் கையை விட்டுப் போகும். இரண்டாம் மாதம் தவறிய உடனே வக்கீல் நோட்டீஸ், ஒரு மாத அவகாசத்தோடு, ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். அஞ்சல்காரரின் குறிப்போடு மூடியபடி இருந்தால்தான் அது சாட்சி.

அதற்கும் அசையாவிட்டால் வாடகை நீதிமன்றம். இரண்டு மாத வாடகைப் பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது எல்லாம் காலி செய்யச் சொல்வதற்கு ஏற்ற காரணங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டின் மேல் பூட்டுப் போடுவது. ஊரில் இருக்கும் உங்கள் ஆள் கோபத்தில் இதைச் செய்துவிடுவார். சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. பாக்கி வைத்தவர் புகார்தாரராக மாறிவிடுவார். உங்கள் ஆளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 6: காலி செய்யும் நாள்

பழைய வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் புது வீடியோ. அன்றைய மீட்டர் எண், எல்லாச் சாவிகளும், ‘வீட்டை ஒப்படைத்துவிட்டேன்’ என்று தேதியோடு ஒரு கையெழுத்து. கழித்த தொகைக்குப் பில் இணைத்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகவே அனுப்புங்கள். எத்தனை சாவி வந்தாலும் வாசல் பூட்டை அன்று மாலையே மாற்றிவிடச் சொல்லுங்கள்.