மலை மாலையான கதை: சொந்தப் பாட்டோடு கிளம்புகிறவர்களுக்கு

என் முதல் சொந்தப் பாட்டை எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பாடினேன். முடிந்ததும் நாலாம் காம்பராப் பாட்டி கேட்டார்: "யாருக்குப் புள்ள கல்யாணம்?"

பாட்டில் கல்யாணமே இல்லை. பல்லவியில் 'மலை' என்ற சொல் மூன்று தடவை வரும். மெட்டு அந்த இடத்தில் நீளும், நானும் சேர்ந்து இழுத்தேன். பாட்டியின் காதில் அது 'மாலை' என்று விழுந்திருக்கிறது.

குறில் நெடில் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கிட்டாரைக் கையில் எடுத்ததும் மறந்துபோகிறது. கொடி கோடியாகும், படம் பாடமாகும். மெட்டில் எங்கே நீண்ட சுரம் விழுகிறதோ அங்கே நெடிலை வையுங்கள். அப்படி ஒரு சொல் கிடைக்காவிட்டால், விளித்துப் பாருங்கள். 'மலையே' என்று கூப்பிட்டால் 'யே'யைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரமும் போகலாம். என் பாட்டை அப்படித்தான் திருத்தினேன். இன்றைக்கும் புதுப் பாட்டு எழுதினால் முதலில் இஸ்தோப்பில்தான் பாடுகிறேன். மைக் இல்லாமல், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, மூன்றாம் வரியிலும் ஆட்கள் எழுந்து போகாமல் இருந்தால் அந்தப் பாட்டு தேறும்.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். பகலில் எனக்கு ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் பாட்டு எழுதிப் பாடுகிறேன், பதினான்கு வருடமாக. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பாடலாமா என்று கேட்கிற தம்பி, தங்கைகளுக்கு என் பதில்: இப்போது வேண்டாம். மாதச் சம்பளம் இருந்தால்தான் பிடிக்காத நிகழ்ச்சிக்கு 'முடியாது' என்று சொல்லத் தைரியம் வரும்.

நான் பாடுவதைச் சிலர் ரூட்ஸ் ரொக் என்கிறார்கள், சிலர் பவர் பொப் என்கிறார்கள். இரண்டாவதற்குப் பெயர் வைத்தவர் தி ஹூ என்ற ரொக் குழுவின் பீட் டவுன்சென்ட், 1967இல். விஷயம் ரொம்பச் சின்னது. கிட்டார் உரக்க இருக்க வேண்டும், மெட்டு இனிப்பாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், பல்லவிக்கு இரண்டு மூன்று குரல் சேர வேண்டும். ரூட்ஸ் ரொக் என்றால் ரொக் இசையைத் தன் ஊர் மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. லொஸ் லோபோஸ் என்ற குழு 1973இல் கிழக்கு லொஸ் ஏஞ்சலீஸில் தொடங்கியது. மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கல்யாண வீடுகளில் மெக்சிக்க நாட்டுப் பாட்டு வாசித்தே பல வருடம் கழித்தார்கள். உலகத்துக்குப் பெயர் தெரிந்தது அதற்கெல்லாம் பிறகு. இதைப் படித்த அன்றுதான் என் தாத்தாவின் தப்பை, அதாவது தோல் பறையை, அட்டாலியிலிருந்து (பரணிலிருந்து) இறக்கினேன்.

தப்பை ரொக் பாட்டில் சேர்க்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்குத் தாத்தா அடித்த அடிகளில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன், ஆறில் விழுந்தது. டிரம் அடிக்கிற பையன் அதை நான்கில் அடக்கப் பார்த்தான். பாட்டு நொண்டியது. ஆறை ஆறாகவே விடுங்கள். ஒன்றிலும் நான்கிலும் கிட்டாரைக் கீழ்நோக்கி அழுத்தி அடியுங்கள், மற்ற எண்ணிக்கைக்கு இலேசாகத் தடவினால் போதும். பைலா என்கிற இலங்கை ஆட்டப் பாட்டும் இப்படி ஆறில் ஓடுவதுதான், அதனால் நம் நாட்டுக் காதுக்கு இது அந்நியமில்லை. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடினார்கள். அந்தக் காலத்துப் பொப்பில் பைலா நன்றாகவே ஊறியிருந்தது. அவர்களுக்குக் கடல் காற்று, நமக்குப் பனி.

பனி என்றதும் ஞாபகம் வருகிறது. தோல் குளிரில் தொய்யும். மேடை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் நெருப்பில் காட்டாத தப்பு, அட்டைப் பெட்டி மாதிரிச் சத்தம் போடும். ஹோட்டல்காரரிடம் கொஞ்சம் தணல் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிட்டாருக்கு நேர்மாறான கவலை. ஈரத்தில் பலகை உப்பி, கம்பி மேலே எழும்பி, விரல் நோகும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது என்பார்கள். ஜூன் மாத ஹட்டனில் அது நடக்கிற காரியமில்லை. கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் மூடி வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள். அவ்வளவுதான்.

பாட்டு எழுதுவதைப் பற்றி இன்னும் ஒன்று. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செடி செத்துவிட்டது என்றே தோன்றும், அப்புறம்தான் தளிர் வரும். என் முதல் வரைவுகளில் நாலு சரணம் இருக்கும், இரண்டை வெட்டிவிடுவேன். பல்லவி நாற்பத்தைந்து விநாடிக்குள் வரவில்லை என்றால் முன்னால் இருப்பதில் கை வைப்பேன். வெட்டியதை எறிய வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வேறொரு பாட்டுக்கு உதவும். லயத்துக் கஷ்டத்தை மட்டும் எழுத வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள், மலையகம் என்றாலே கண்ணீர்தான் என்பது போல. நான் தொலைபேசிக்கு ரீலோட் போட மறந்த காதலனைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். தோட்டத்தில் அதிகம் பேர் கேட்டது அதைத்தான்.

ஒலிப்பதிவுக்கு நேரம் பார்க்க வேண்டும். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கச் சொல்லவில்லை, மழை நேரத்தைச் சொல்கிறேன். தகரத்தில் மழை விழுந்தால் உலகத்து மென்பொருள் எதுவும் அதைக் குரலிலிருந்து பிரித்துத் தராது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வானம் தெளிவு, நான் பதிவு செய்வது அப்போதுதான், அதுவும் காலையில். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழைக்காலம் வேறு. வடகிழக்கு மழை அங்கே ஜனவரி வரையும் இழுக்கும், அதனால் நடு வருடத்தைப் பாருங்கள்.

ஸ்டூடியோ வேண்டியதில்லை. ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கிற இரண்டு வாயுள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு பழைய மடிக்கணினி போதும். கண்டென்சர் மைக் அருமையானதுதான், ஆனால் அது பக்கத்துக் காம்பராவில் தேங்காய் துருவுவதையும் கேட்கும். அம்மாவின் பழைய கம்பளியை எனக்குப் பின்னால் கயிற்றில் தொங்கவிடுவேன். மழையில் அவர் தலையில் போட்டுக் கொழுந்து பறித்த கம்பளி, இப்போது எதிரொலியைக் குடிக்கிறது. 24 பிட்டில் பதியுங்கள். அளவுமானி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடினால் சரி, சிவப்பைத் தொட்டால் திரும்பப் பாடுங்கள்.

பவர் பொப்பின் மினுமினுப்பு பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் இருக்கிறது. அதை வாங்கக் காசில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சாதாரணக் கிட்டாரில் தடித்த நாலு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அந்த இடங்களில் பன்னிரண்டு கம்பிக் கிட்டாருக்கான கம்பித் தொகுதியில் வரும் மெல்லிய கம்பிகளைப் போட்டு, அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே கூட்டுங்கள். கடைசி இரண்டு கம்பிகள் இருந்தபடியே இருக்கட்டும். நேஷ்வில் டியூனிங் என்று இதற்குப் பெயர். முதலில் வழக்கமான கிட்டாரில் ஒரு தடவை, பிறகு இதில் ஒரு தடவை அதே பகுதியை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். மணி உருட்டிவிட்டது போல் இருக்கும்.

இனிக் காசு, கடதாசி.

என் இரண்டாம் வருடத்தில் கொழும்பில் ஒருவர் பாட்டு ஒன்றைக் கேட்டார். 5000 ரூபாய் தந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்து பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டேன், வேறு குரலில். எழுதியவர் பெயரும் என்னுடையதாக இல்லை. சாரதியிடம் "அண்ணே, இது என் பாட்டு" என்றேன். "அப்போ டிக்கட் காசு வேணாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கிய நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். ஆனால் நீங்கள்தான் ஆக்கியவர் என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டுமே. பாடி முடித்த அன்றே கைத்தொலைபேசியில் பதிந்து, வரிகளோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆக்கினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அரைப் பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, இருவரும் கையெழுத்து வையுங்கள். "நமக்குள்ள என்ன கடதாசி?" என்று கேட்கிற நண்பரிடம்தான் முதலில் வாங்க வேண்டும்.

பாட்டு நல்லதாக இருந்தால் தானே போய்ச் சேரும் என்பார்கள். மெம்பிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் இசைத்தட்டு 1972இல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடைகளில் தட்டுக் கிடைக்கவில்லை, விநியோகம் படுத்துவிட்டது. பவர் பொப் பாடுகிறவர்கள் இன்றைக்கும் அவர்களைக் குருவாகச் சொல்கிறார்கள், சரி, அந்தக் காலத்தில் அவர்கள் கைக்கு என்ன வந்தது?

இப்போது டிஸ்ட்ரோகிட், சிடி பேபி போன்ற, பாட்டை ஸ்பொட்டிஃபை மாதிரித் தளங்களில் சேர்க்கிற விநியோகச் சேவைகள் இருக்கின்றன. சேருமுன் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவார்களா என்று பாருங்கள். வெளியீட்டுத் திகதிக்கு நாலு வாரம் முன்பே பாட்டை ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையின் தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்மொழிய ஏழு நாளாவது வேண்டும். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், நான் மூன்று விதமாக எழுதி மூன்று பாடகியாகப் பிரிந்து கிடந்தேன். பெரிய வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை ஓடாவிட்டால் ஒரு சதமும் கணக்கில் வராது. யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1000 சந்தாதாரரும் வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் கேட்கிறார்கள். ஷோர்ட்ஸ் என்கிற குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு.

எனக்குக் காசு வருவது மேடையில்தான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன், எல்ல என்ற ஊரில் வெளிநாட்டவர் வந்து உட்காரும் கஃபேக்கள், தோட்டத்துத் திருவிழா, கல்யாணம். திருவிழாவில் சொந்தப் பாட்டை மட்டும் பாடினால் சனம் கடலைக் கடைக்குப் போய்விடும். இரண்டு சினிமாப் பாட்டு, ஒரு சொந்தப் பாட்டு, அதுவும் பாட்டின் பெயரைச் சொல்லாமல் நேரே தொடங்கிவிடுவேன். முடிந்த பிறகு "இது எந்தப் படம்?" என்று ஒருவராவது வந்து கேட்பார். அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன், அடுத்த பாட்டு வந்ததும் அவருக்கு ஒரு செய்தி. கொப்பியில் இன்றைக்கு 212 பேர். கடைசித் தொகுப்புக்கு முன்பணம் போட்டவர்களில் பாதிப் பேர் இந்தக் கொப்பிக்காரர்கள்.

போயா (பௌர்ணமி) நாளுக்கு ஹோட்டல்காரர்களைக் கேட்டு அலைய வேண்டாம், அன்றைக்கு மது விற்க முடியாது, பாட்டுக்காரரையும் கூப்பிட மாட்டார்கள். சாப்பாடும் அறையும் தருகிறோம் என்றால், சந்தோஷம், சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பாதியை முன்னால் வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தடவை விசாரிக்காமல் போய், கிட்டாரோடும் தப்போடும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது திரும்பிவரும் ஆட்டோக் கூலியையும் சேர்த்தே தொகை சொல்கிறேன்.